கேச் அலைன்மென்ட்: "5 சதவீதம் வேகம் கூடியது" என்கிற எண்ணை எப்படிப் படிப்பது?

கர்னல் கோடு, அதாவது அதன் நிரல் வரிகள் பற்றிப் பேச்சு வருகிற இடங்களில் அடிக்கடி காதில் விழுவது இது: "அந்த ஸ்ட்ரக்டை 64 பைட்டுக்கு அலைன் பண்ணினேன், 5 சதவீதம் வேகம் கூடிவிட்டது." கூடவே ஒரு அட்டவணை இருக்கும். முன்பு, பின்பு என்று இரண்டு வரிசை, பத்து தடவை ஓட்டி எடுத்த சராசரி. பார்த்ததும் நம்பத் தோன்றும். நம்பிவிட்டு, மறுநாள் நம் கோடிலும் கண்ணில் படுகிற ஸ்ட்ரக்டை எல்லாம் அலைன் பண்ண உட்கார்ந்துவிடுவோம். இன்னொரு பக்கம், "அலைன்மென்ட் எல்லாம் அந்தக் காலத்துக் கதை, கம்பைலர் பார்த்துக்கொள்ளும்" என்று ஒரேயடியாக ஒதுக்குகிறவர்களும் இருக்கிறார்கள்.

இரண்டுமே தப்பு. அலைன்மென்ட் உண்மையாகவே வேகத்தை மாற்றும், சில சமயம் நம்ப முடியாத அளவுக்கு மாற்றும். ஆனால் அந்த எண் எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் அதை ஏற்கவும் கூடாது, தள்ளவும் கூடாது. என்ன கேட்க வேண்டும், ஏன் கேட்க வேண்டும் என்பதை அடியிலிருந்து சொல்லப் பார்க்கிறேன். கர்னல், அதாவது இயங்குதளத்தின் நடுவில் உட்கார்ந்து ப்ராசஸர், நினைவகம், நெட்வொர்க் எல்லாவற்றையும் பங்கிட்டுக் கொடுக்கிற அந்த நிரலை நீங்கள் தொட்டதே இல்லை என்றாலும் பரவாயில்லை. சி மொழியில் ஸ்ட்ரக்ட் என்றால் பல மதிப்புகளை ஒன்றாகக் கட்டிவைக்கிற மூட்டை என்று தெரிந்தால் போதும்.

ஒரு முட்டை கேட்டாலும் ட்ரேதான் வரும்

மொத்த வியாபாரக் கடையில் முட்டையை ஒன்று, இரண்டு என்று தரமாட்டார்கள், முப்பது அடுக்கிய ட்ரேயாகத்தான் தருவார்கள். ஆம்லெட்டுக்கு ஒரே ஒரு முட்டை போதும் என்றாலும் முழு ட்ரேயையும் தூக்கிக்கொண்டுதான் வீட்டுக்கு வர வேண்டும். வந்தபிறகு மீதி இருபத்தொன்பதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும், அடுத்த முட்டைக்குக் கடைக்கு ஓட வேண்டியதில்லை.

ப்ராசஸர் நினைவகத்தைப் படிப்பதும் இப்படித்தான். ரேம் என்பது தூரத்துக் கடை. ப்ராசஸருக்குள்ளேயே இருக்கிற சின்ன, வேகமான நினைவகம் வீட்டு ஃப்ரிட்ஜ், அதற்குப் பெயர் கேச். கடையிலிருந்து ஃப்ரிட்ஜுக்கு ஒரு தடவையில் வருகிற ட்ரேக்குப் பெயர் கேச் லைன். இன்டெல், ஏஎம்டி ப்ராசஸர்களில் ஒரு கேச் லைன் 64 பைட். ஆப்பிளின் எம் வரிசைச் சிப்களிலும் ஐபிஎம்மின் பவர் ப்ராசஸர்களிலும் 128 பைட். நீங்கள் 4 பைட் எண் ஒன்றைத்தான் கேட்டீர்கள் என்றாலும் அது உட்கார்ந்திருக்கிற 64 பைட்டும் சேர்ந்துதான் வந்து இறங்கும்.

ப்ராசஸருக்கு மிக அருகில் இருக்கிற முதல் நிலை கேச்சிலிருந்து படிக்க, ப்ராசஸர் கடிகாரத்தின் நாலைந்து துடிப்பு போதும். ரேம் வரை போய்வந்தால் நூற்றுக்கணக்கான துடிப்புகள் போய்விடும். அந்த முதல் நிலை கேச் பல ப்ராசஸர்களில் வெறும் 32 கேபிதான், அதாவது 512 கேச் லைன். இந்த 512 பின்னால் தேவைப்படும்.

ஒரே பக்கத்தில் பால் கணக்கும் பேப்பர் கணக்கும்

ஒரு கூட்டுக் குடும்பத்தில் ஒரே ஒரு கணக்கு நோட்டு. பக்கத்தின் மேல்பாதியில் அத்தை பால் கணக்கு எழுதுகிறார், கீழ்பாதியில் சித்தப்பா பேப்பர் கணக்கு எழுதுகிறார். பால் கணக்குக்கும் பேப்பர் கணக்குக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, ஒருவர் எழுதியதை இன்னொருவர் படிப்பதுகூட இல்லை. ஆனாலும் அத்தை மாடியிலும் சித்தப்பா கீழேயும் இருந்தால், ஒவ்வொரு தடவை எழுதுவதற்கும் நோட்டு மாடிக்கும் கீழுக்கும் ஏறி இறங்க வேண்டும். எழுதுவது ஒரு விநாடி, நோட்டு வருவதற்குக் காத்திருப்பது ஐந்து நிமிடம். பால் கணக்கை ஒரு பக்கத்திலும் பேப்பர் கணக்கை அடுத்த பக்கத்திலும் எழுதி, தாளைக் கிழித்து ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிட்டால் தீர்ந்தது.

இன்றைய ப்ராசஸரில் பல கோர்கள். கோர் என்றால் தனியாக நிரலை ஓட்டக்கூடிய ஒரு முழு ப்ராசஸர் பகுதி. ஒவ்வொரு கோருக்கும் தனி ஃப்ரிட்ஜ், அதாவது தனி முதல் நிலை கேச் இருக்கிறது. ஒரு கோர் ஒரு கேச் லைனில் எழுத வேண்டும் என்றால் அந்த முழு லைனும் அந்த நேரத்தில் அதன் கையில் மட்டும்தான் இருக்கலாம், மற்ற கோர்களிடம் இருக்கிற நகல்கள் செல்லாதவை ஆகிவிடும். இரண்டு கோர்கள் வெவ்வேறு மதிப்புகளில் எழுதினாலும், அந்த மதிப்புகள் ஒரே லைனில் குடியிருந்தால் லைன் இங்கும் அங்கும் பந்தாடப்படும். இதற்குத்தான் ஃபால்ஸ் ஷேரிங் என்று பெயர்: பகிர வேண்டிய அவசியமே இல்லாத இரண்டு பேர், இடத்தால் மட்டும் மாட்டிக்கொள்வது.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான். நினைவகம் 64 பைட் ட்ரேயாக நகர்கிறது, எழுதுகிற கோர் முழு ட்ரேயையும் தன்னிடம் வாங்கிக்கொள்கிறது, ஒரே ட்ரேயில் யார் யார் சேர்ந்து உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது வேகத்தைத் தீர்மானிக்கிறது.

அலைன்மென்ட் என்ன செய்கிறது, எவ்வளவு கேட்கிறது

ஒரு மதிப்பின் நினைவக முகவரி 64-ஆல் மீதியில்லாமல் வகுபட்டால், அது கேச் லைனின் முதல் பைட்டில் தொடங்குகிறது. அப்படித் தொடங்கும்படி கட்டாயப்படுத்துவதுதான் கேச் அலைன்மென்ட். நடுவில் காலியாக விடுகிற பைட்டுகளுக்குப் பெயர் பேடிங். லினக்ஸ் கர்னலில் இதற்கென்றே ஒரு குறி இருக்கிறது, நான்கு அண்டர்ஸ்கோரில் தொடங்கும் 'கேச்லைன் அலைன்ட்'. ஒரு ஸ்ட்ரக்டின் உறுப்புக்குப் பக்கத்தில் அதை எழுதினால், கம்பைலர் அந்த உறுப்பைப் புது லைனில் உட்கார வைக்கும்.

இது இலவசம் என்று நினைக்கிறவர்கள் நிறையப் பேர். 40 பைட் பொருள் ஒன்றை 64 பைட்டாகப் பேட் செய்தால், 4096 பைட் உள்ள ஒரு நினைவகப் பக்கத்தில் முன்பு 102 பொருள்கள் அடங்கின, இப்போது 64 தான் அடங்கும். ரேமில் மட்டுமா இந்தச் செலவு? கேச்சிலும் அதே காற்றுதான் இடத்தை அடைக்கிறது. 512 ட்ரே வைக்கிற ஃப்ரிட்ஜில் பாதி காலியான ட்ரேக்களை அடுக்கினால் உள்ளே இருந்த வேறு யாரோ வெளியே போகத்தான் வேண்டும். அந்த வேறு யாரோ பெரும்பாலும் உங்கள் பெஞ்ச்மார்க் அளக்காத வேறொரு வேலையின் தரவு. பெஞ்ச்மார்க் என்றால் ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யவிட்டு நேரம் பார்க்கிற சோதனை நிரல், அவ்வளவுதான். அது எதைப் பார்க்கவில்லையோ அதைப் பற்றி வாயே திறக்காது.

பைக் சர்வீஸும் சிக்னலும்

எண்ணை ஏன் சந்தேகப்பட வேண்டும் என்பதற்கு வருகிறேன். தினமும் காலை 8:10-க்கு வாசலுக்கு வந்து பைக்கை எடுக்கிறீர்கள். வழியில் நான்கு சிக்னல், நான்கும் டைமரில் ஓடுபவை, 8:12-க்கு முதல் சிக்னலை அடையும்போது சரியாகச் சிவப்பு விழும், அதற்குப் பிறகு மற்ற மூன்றும் வரிசையாகச் சிவப்பு. ஒருநாள் பைக்கை சர்வீஸுக்கு விடுகிறீர்கள். செயினை இறுக்கி, ஆயில் மாற்றித் தருகிறார்கள், நீங்களும் கூடவே புதிதாக ஒரு சங்கிலிப் பூட்டு வாங்கிப் போடுகிறீர்கள். அந்தப் பூட்டைத் திறக்க 30 விநாடி கூடுதலாக ஆகிறது. அந்த 30 விநாடியால் முதல் சிக்னல் பச்சையில் கிடைக்கிறது, பின்னால் வருகிற மூன்றும் பச்சை. ஆபீசுக்கு ஆறு நிமிடம் முன்னால் போய்விடுகிறீர்கள்.

"சர்வீஸ் விட்டதும் பைக் பறக்கிறது" என்று சொல்வீர்கள். யாராவது சந்தேகப்பட்டால், ஒரு மாதம் தினமும் ஓட்டிக் காட்டுவீர்கள். முப்பது நாளும் அதே ஆறு நிமிடம் மிச்சமாகும், ஒரு நாள்கூட மாறாது. சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்தும் உண்மை வெளிவரவில்லை, ஏனென்றால் ஒவ்வொரு தடவையும் அதே நேரத்தில்தான் கிளம்புகிறீர்கள், அதே பூட்டைத்தான் திறக்கிறீர்கள். மிச்சமான ஆறு நிமிடம் நிஜம். காரணம்தான் வேறு.

கர்னலை பில்ட் செய்யும்போது நடப்பது இதுதான். கம்பைலர் ஃபங்ஷன்களை இயந்திர மொழிக்கு மாற்றுகிறது, லிங்கர் என்கிற இன்னொரு கருவி அவற்றையும் தரவுகளையும் வரிசையாக அடுக்கி ஒவ்வொன்றுக்கும் முகவரி கொடுக்கிறது. ஒரு ஃபங்ஷனில் நீங்கள் இரண்டு வரி சேர்த்தால் அது நீளும், அதற்குப் பின்னால் வரிசையில் நிற்கிற எல்லா ஃபங்ஷனும் கொஞ்சம் தள்ளிப்போகும். தரவும் அப்படித்தான். எங்கோ ஒரு மூலையில் 8 பைட் உறுப்பு ஒன்றைச் சேர்த்தால், அதற்குப் பின்னால் இருக்கிற, உங்களுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு கணக்கீட்டு எண் லைனின் 56-ஆவது பைட்டிலிருந்து நகர்ந்து அடுத்த லைனின் முதல் பைட்டுக்குப் போய்விடும். முன்பு அது ஒரு லாக்கோடு, அதாவது பல கோர்களும் முறைவைத்துத் தொடும் தரவுக் காவல் மதிப்போடு சேர்ந்து உட்கார்ந்திருந்தது, இப்போது தனியாக உட்கார்ந்திருக்கிறது. பெஞ்ச்மார்க் துள்ளிக் குதிக்கும். நீங்கள் சேர்த்த உறுப்புக்கும் அந்தத் துள்ளலுக்கும் உள்ள உறவு, சங்கிலிப் பூட்டுக்கும் பச்சை விளக்குக்கும் உள்ள உறவுதான்.

2009-இல் டாட் மிட்கோவிச் உள்ளிட்ட நான்கு ஆராய்ச்சியாளர்கள் இதை விரிவாக அளந்து காட்டினார்கள். நிரலைத் தொடவே இல்லை. யூனிக்ஸ் சூழல் மாறிகள், அதாவது நிரல் தொடங்கும்போது இயங்குதளம் கூடவே கொடுக்கிற பெயர்-மதிப்புப் பட்டியல், அதன் மொத்த நீளத்தை மட்டும் மாற்றினார்கள், அப்புறம் ஆப்ஜெக்ட் கோப்புகளை, அதாவது கம்பைலர் மாற்றிக் கொடுத்த துண்டுகளை, லிங்கருக்குக் கொடுக்கிற வரிசையை மாற்றினார்கள். சூழல் மாறிகள் நீண்டால் ஸ்டாக், அதாவது ஃபங்ஷன்களின் தற்காலிக மதிப்புகள் இருக்கிற நினைவகப் பகுதி, தொடங்குகிற இடம் நகரும், வரிசை மாறினால் கோடு இருக்கிற இடம் நகரும். அந்த நகர்வு மட்டுமே, கம்பைலர் நிரலை வேகப்படுத்துகிற அளவுகளில் ஓ3, ஓ2-ஐ விட நல்லதா கெட்டதா என்கிற முடிவையே தலைகீழாக்கும் அளவுக்கு இருந்தது. சூழல் மாறியில் பயனர் பெயரும் இருக்கிறது என்பதை யோசித்துப் பாருங்கள். ஒரே கணினியில் ஒரே நிரலை இரண்டு பேர் ஓட்டினால், பெயரின் நீளத்தாலேயே எண் மாறலாம்.

சுருக்கமாக, ஒரு பில்டின் வேகத்தில் இரண்டு பங்கு இருக்கிறது: நீங்கள் வேண்டுமென்று செய்த மாற்றத்தின் விளைவு, அந்த மாற்றம் மற்றவற்றைத் தள்ளிவிட்டதன் விளைவு. பெஞ்ச்மார்க் இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாகத்தான் தரும்.

2020-இல் லினக்ஸில் நடந்தது

லினக்ஸ் கர்னலில் சேர்கிற மாற்றங்களை ஒரு தானியங்கிச் சோதனை ரோபோ தொடர்ந்து ஓட்டிப் பார்க்கிறது. 2020 பிப்ரவரியில் அது ஒரு புகார் கொடுத்தது: வில்-இட்-ஸ்கேல் என்கிற பெஞ்ச்மார்க் தொகுப்பில் 'சிக்னல்1' என்ற சோதனை 5.5 சதவீதம் மெதுவாகிவிட்டது. காரணம் என்று அது சுட்டிக்காட்டிய மாற்றம், கர்னல் 5.0 காலத்தில் பெர்ஃப் என்கிற அளவீட்டுப் பகுதிக்குள் சேர்ந்த ஒன்று. சிக்னல் என்பது ஒரு ப்ராசஸுக்கு, அதாவது ஓடிக்கொண்டிருக்கிற ஒரு நிரலுக்கு, "இதைக் கவனி" என்று கர்னல் அனுப்புகிற தட்டல். பெர்ஃப் பகுதியில் செய்த மாற்றம் சிக்னல் அனுப்புகிற கோடுக்குப் பக்கத்தில்கூடப் போகவில்லை. ஆனால் அந்த மாற்றத்தோடு ஓட்டினால் மெதுவாக இருந்தது, அது இல்லாமல் ஓட்டினால் சரியாக இருந்தது. ரோபோ பொய் சொல்லவில்லை.

சோதனை ஓடியது இரண்டு சாக்கெட் (அதாவது இரண்டு ப்ராசஸர்), 96 கோர், ஒரே நேரத்தில் ஓடக்கூடிய 192 த்ரெட் (நிரலோட்டம்) உள்ள ஓர் இன்டெல் கணினியில். தோண்டிப் பார்த்தபோது தெரிந்தது இது. சிக்னல் ஒன்றை வரிசையில் போடும்போது, அந்தப் பயனருக்கான ஒரு ஸ்ட்ரக்டில் கர்னல் இரண்டு எண்களை ஏற்றிக்கொண்டிருந்தது, அதாவது ஒவ்வொன்றிலும் ஒன்று கூட்டிக்கொண்டிருந்தது. ஒன்று, இந்தப் பயனருக்கு எத்தனை சிக்னல் நிலுவையில் இருக்கிறது என்பது. இன்னொன்று, இந்த ஸ்ட்ரக்டை எத்தனை பேர் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது. இரண்டுமே அணு ஏற்றம், அதாவது நடுவில் வேறு கோர் நுழைய முடியாதபடி ஒரே மூச்சில் நடக்கிற ஏற்றம். சோதனையில் எல்லா ப்ராசஸும் ஒரே பயனருடையவை, ஆகவே எல்லா கோர்களும் அந்த ஒரே ஸ்ட்ரக்டின் மேல்தான் விழுந்தன. கணக்கு நோட்டை நூற்றுக்கணக்கான பேர் பிடுங்குவது போல.

இதில் அலைன்மென்ட் எங்கே வந்தது? பெர்ஃப் மாற்றம் அந்த ஸ்ட்ரக்டை நினைவகத்தில் கொஞ்சம் தள்ளிவிட்டிருந்தது. அந்தக் கணினியில், இப்படிப் பிடுங்குகிற சண்டை கேச் லைனின் பின்பாதியில், அதாவது மேல் 32 பைட்டில் நடந்தால் இன்னும் மோசமாக இருந்தது. ஏன் என்று மாற்றக் குறிப்பிலேயே காரணம் சொல்லப்படவில்லை, அந்த வன்பொருளின் இயல்பு அப்படி. அந்த 5.5 சதவீதம் முழுக்க முழுக்க, அடிக்கடி எழுதப்படுகிற அந்த எண்கள் எந்தப் பாதியில் உட்கார்ந்தன என்பதிலிருந்து வந்தது.

இந்த இடத்தில் இரண்டு வழி இருந்தது. ஸ்ட்ரக்டை அலைன் பண்ணி, எண்களை முன்பாதிக்குத் தள்ளி, "5 சதவீதம் மீட்டுவிட்டோம்" என்று அட்டவணையோடு ஒரு பேட்ச், அதாவது நிரல் மாற்றம், அனுப்பியிருக்கலாம். அட்டவணை சரியாகவும் இருந்திருக்கும். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் வேறு வழியில் போனார். ஒவ்வொரு சிக்னலுக்கும் இரண்டு எண்ணையும் ஏற்றுவானேன்? நிலுவை எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து ஒன்றாகும்போது மட்டும் ஸ்ட்ரக்டைப் பிடித்தால் போதும், கடைசி சிக்னல் போகும்போது விட்டால் போதும். நடுவில் வருகிற எல்லா சிக்னலுக்கும் ஒரே ஒரு அணு ஏற்றம்தான். அந்தச் சோதனையின் எண் 17000-லிருந்து 54000-க்குப் போனது, மூன்று மடங்கு. அலைன்மென்டால் வந்த வித்தியாசமும் தானாகவே சுமார் 2 சதவீதமாகச் சுருங்கியது, ஏனென்றால் சண்டையே குறைந்துவிட்டதால் அது எந்தப் பாதியில் நடக்கிறது என்பதன் எடையும் குறைந்துவிட்டது.

என் மனதில் இந்த விஷயம் ஆழமாகப் பதிந்ததற்குக் காரணம் அந்த மூன்று மடங்குதான். அலைன்மென்ட் எண் பெரிதாகத் தெரிகிறது என்றால், அந்த லைனில் யாரோ அளவுக்கு மீறி எழுதிக்கொண்டிருக்கிறார்கள் என்று அது சொல்கிறது. அதைக் கேட்டுவிட்டு எழுதுவதைக் குறைக்கலாம், அல்லது எண்ணை மட்டும் சரிசெய்துவிட்டு எழுதுவதை அப்படியே விடலாம். இரண்டாவது வழியில் போயிருந்தால் 5 சதவீதம் கிடைத்திருக்கும், 200 சதவீதம் கண்ணுக்கே தெரியாமல் போயிருக்கும்.

"நூறு தடவை ஓட்டினேன்" ஏன் போதாது

பெஞ்ச்மார்க்கைக் கேள்வி கேட்டால் முதலில் வருகிற பதில் இது. நூறு தடவை ஓட்டினேன், விலகல் அரை சதவீதம்கூட இல்லை, ஆகவே 5 சதவீதம் நிஜம் என்பார்கள். ஒரே பில்டை நூறு தடவை ஓட்டுவது, ஒரே நேரத்தில் நூறு நாள் கிளம்புவதற்குச் சமம். ப்ராசஸர் சூடு, பின்னணியில் ஓடுகிற வேலைகள் போன்ற ஆட்டங்களை அது சராசரியாக்கும். அடுக்கு முறை, அதாவது எது எந்த முகவரியில் என்கிற அமைப்பு, நூறு தடவையும் மாறாமல் அப்படியே இருக்கும்.

சரி, ரீபூட் செய்தால்? பாதுகாப்புக்காக லினக்ஸ் கர்னல் ஒவ்வொரு பூட்டிலும் வேறு வேறு இடத்தில் ஏற்றப்படுகிறது என்று படித்திருப்பீர்கள். உண்மைதான், ஆனால் 64 பிட் எக்ஸ்86 கணினிகளில் அந்த நகர்வு இயல்பாக 2 எம்பி படிகளில்தான் நடக்கும். 2 எம்பி 64-ஆல் மீதியில்லாமல் வகுபடும். ஆகவே ஒரு ஃபங்ஷன் கேச் லைனின் 48-ஆவது பைட்டில் தொடங்கினால், எத்தனை ரீபூட் செய்தாலும் 48-இல்தான் தொடங்கும். வேறு அடுக்கு வேண்டும் என்றால் திரும்ப பில்ட் செய்வதைத் தவிர வழியில்லை.

தரவு மட்டும் அல்ல, கோடும் இதே வலையில் மாட்டும். 2019 நவம்பரில் இன்டெல் தன் ஸ்கைலேக் வகை ப்ராசஸர்களில் ஒரு பிழையை அறிவித்தது: நிரலை வேறொரு இடத்துக்குத் தாவச் சொல்கிற ஜம்ப் கட்டளை ஒன்று 32 பைட் எல்லையைத் தாண்டிப் படுத்திருந்தாலோ, எல்லையில் முடிந்தாலோ சில சூழல்களில் தப்பாக நடக்கலாம். மைக்ரோகோடு, அதாவது ப்ராசஸருக்குள்ளேயே இருக்கிற நிரல், அதில் செய்த திருத்தம், ஏற்கெனவே பிரித்துப் படித்த கட்டளைகளை வைத்திருக்கிற தனி கேச்சில் அப்படிப்பட்ட ஜம்ப்களைச் சேர்க்காமல் விட்டுவிடும், அதனால் வேகம் 0 முதல் 4 சதவீதம் வரை குறையலாம் என்று இன்டெல்லே சொன்னது. உங்கள் லூப்பின் ஜம்ப் அந்த எல்லையில் விழுந்தால் இழப்பு, இரண்டு பைட் தள்ளி விழுந்தால் ஒன்றும் இல்லை. 3 சதவீத முன்னேற்றம் காட்டுகிற பேட்ச் ஒன்று, வேறெதுவும் செய்யாமல் அந்த ஜம்பை மட்டும் தள்ளிவிட்டதாகக்கூட இருக்கலாம்.

கர்னல்காரர்கள் இதற்கு ஒரு கருவியையே உள்ளே வைத்திருக்கிறார்கள். எல்லா ஃபங்ஷனையும் 64 பைட் எல்லையில் தொடங்க வைக்கிற ஒரு பிழைதேடும் அமைப்பு விருப்பம் கர்னல் கட்டமைப்பில் இருக்கிறது. தினசரி ஓட்டுவதற்கு அது வேண்டாம், கர்னலின் அளவும் கூடும். பழைய பில்ட், புது பில்ட் இரண்டையும் அதைப் போட்டுக் கட்டி ஓட்டினால், ஒரு இடத்தில் கோடு நீண்டதால் மற்ற ஃபங்ஷன்கள் கேச் லைனுக்குள் இடம் மாறுவது நின்றுவிடும். முன்பு தெரிந்த 5 சதவீதம் அப்போது காணாமல் போனால், அது உங்கள் மாற்றத்துடையது இல்லை என்று பெரும்பாலும் தெரிந்துவிடும்.

சோதனையின் வடிவமும் பேசும்

அடுக்கு முறை சரியாகவே இருந்தாலும் எண் தவறான இடத்துக்குக் கூட்டிப்போகலாம். 2024 மார்ச்சில் வெளியான லினக்ஸ் 6.8-இல், நெட்வொர்க் பகுதியின் முக்கிய ஸ்ட்ரக்டுகளின் உறுப்புகளைத் திரும்ப அடுக்கினார்கள். அனுப்பும்போது தொடுகிறவை ஒரு பக்கம், வாங்கும்போது தொடுகிறவை ஒரு பக்கம், படிக்க மட்டும் செய்கிறவை தனியாக என்று பிரித்து, ஒரு பாக்கெட்டுக்குத் தொட வேண்டிய கேச் லைன்களின் எண்ணிக்கையைக் குறைத்தார்கள். நிறைய இணைப்புகள் ஒரே நேரத்தில் ஓடும்போது டிசிபி (இணையத்தில் தரவு அனுப்புகிற நெறிமுறை) வேகம் 40 சதவீதம் வரை கூடுகிறது என்பது அறிவிப்பு. செய்திகளில் '40 சதவீதம்' மட்டும் ஓடியது, 'நிறைய இணைப்புகள்', 'வரை' என்கிற இரண்டும் வழியிலேயே உதிர்ந்துவிட்டன. இணைப்புகள் கொஞ்சமாக இருந்தால் அவற்றின் ஸ்ட்ரக்டுகள் எல்லாம் எப்படியும் கேச்சுக்குள் அடங்கிவிடும், அப்போது அடுக்கி வைப்பதால் மிச்சமாவது எதுவும் பெரிதாக இருக்காது. வீட்டில் ஒரு மடிக்கணினியில் சோதித்துவிட்டு "40 சதவீதம் எங்கே?" என்று கேட்பவரும் தப்பில்லை, அறிவித்தவரும் தப்பில்லை. இரண்டு பேரும் வேறு வேறு கேள்விக்குப் பதில் வைத்திருக்கிறார்கள்.

எனக்கு அந்த வேலையில் பிடித்தது எண்ணை விட இன்னொன்று: எந்த உறுப்பை எந்தப் பாதையில் படிக்கிறார்கள், எதில் எழுதுகிறார்கள் என்று ஒவ்வொன்றாகப் பட்டியலிட்டு கர்னல் ஆவணத்திலேயே சேர்த்தார்கள். பின்னால் வருகிற யாராவது ஓர் உறுப்பைத் தெரியாமல் வேறு குழுவுக்கு நகர்த்தினால் கம்பைல் நேரத்திலேயே பிடிபடும்படி சோதனையும் வைத்தார்கள். காரணம் எழுதப்பட்டிருக்கிறது, ஆகவே எண்ணைச் சரிபார்க்கவும் முடிகிறது.

இதற்கு எதிர்த்திசைதான் நுண் பெஞ்ச்மார்க்குகள், ஒரே ஒரு சிஸ்டம் கால், அதாவது நிரல் கர்னலிடம் வேலை கேட்கிற அழைப்பு, அதை மட்டும் கோடிக்கணக்கில் திரும்பத் திரும்பச் செய்கிற சோதனைகள். அங்கே மொத்தத் தரவும் அந்த 512 லைனுக்குள் வசதியாகப் படுத்திருக்கும். பேடிங் சேர்ப்பதால் வெளியே தள்ளப்பட யாரும் இல்லை, ஆகவே பேடிங் இலவசமாகத் தெரியும். நிஜக் கணினியில் ஒரு டேட்டாபேஸ் ஓடிக்கொண்டிருக்கும், கேச்சை அது நிரப்பி வைத்திருக்கும், கர்னல் நடுவில் நுழைந்து கிடைத்த இடத்தில் வேலையை முடித்துவிட்டுக் கிளம்ப வேண்டும். அங்கே ஒவ்வொரு காலிப் பைட்டுக்கும் விலை உண்டு.

இன்னொரு சின்ன விஷயம். பல இன்டெல் ப்ராசஸர்கள் ஒரு லைனைக் கொண்டுவரும்போது அதன் ஜோடி லைனையும் முன்கூட்டியே இழுத்துவரும், 128 பைட்டாக. அங்கே இரண்டு எண்களை 64 பைட் தள்ளி வைத்தும் சண்டை முழுதாக ஓயாமல் இருக்கலாம். ஒரு கணினியில் கிடைத்த எண்ணை இன்னொரு வகைக் கணினிக்கு அப்படியே தூக்கிக்கொண்டு போகக் கூடாது என்பதற்கு இதுவே போதும்.

அட்டவணை ஒன்று கண்ணில் பட்டால்

நான் முதலில் கேட்பது, எந்த லைனில் யார் எழுதுகிறார்கள் என்று காட்டியிருக்கிறார்களா என்பது. லினக்ஸ் 4.10-லிருந்து பெர்ஃப் கருவியில் சி2சி என்கிற துணைக் கட்டளை இருக்கிறது. ஒரு கோர் எழுதி வைத்த லைனை இன்னொரு கோர் வந்து கேட்கிற தருணங்களை அது எண்ணி, எந்த கேச் லைன், அதில் எத்தனையாவது பைட், எந்த ஃபங்ஷன் என்று வரிசையாகக் காட்டும். பேட்சுக்கு முன் அந்தப் பட்டியலின் உச்சியில் இருந்த லைன் பேட்சுக்குப் பின் காணாமல் போயிருந்தால், வேகம் ஏன் கூடியது என்று தெரிந்துவிட்டது. பட்டியல் மாறாமல் வேகம் மட்டும் கூடியிருந்தால் காரணம் வேறெங்கோ இருக்கிறது, சொல்கிற கதை அதற்குப் பொருந்தவில்லை. ஸ்ட்ரக்டின் உள்ளே எந்த உறுப்பு எந்த லைனில், எங்கெங்கே காலி ஓட்டை என்று பார்க்க பஹோல் என்ற கருவி இருக்கிறது. இரண்டையும் ஓட்ட அரை மணி நேரம்கூட ஆகாது.

அடுத்தது, எத்தனை பில்ட். எத்தனை ஓட்டம் என்று கேட்கவில்லை. லிங்கருக்குக் கோப்புகளைக் கொடுக்கிற வரிசையை மாற்றியோ, சம்பந்தமில்லாத இடத்தில் காலிப் பைட்டுகளைச் சேர்த்தோ, நாலைந்து விதமாக பில்ட் செய்து ஒவ்வொன்றிலும் முன், பின் இரண்டையும் ஓட்டினால் நாலைந்து எண் கிடைக்கும். எல்லாமே 4, 5, 6 என்று பக்கம் பக்கமாக வந்தால் நம்பலாம். ஒன்று 7, ஒன்று 0, ஒன்று மைனஸ் 2 என்று சிதறினால், முதலில் வெளியிட்ட 5 அந்தச் சிதறலில் கைக்கு வந்த ஒன்றுதான்.

இதெல்லாம் செய்ய நேரம் இல்லை என்றால் ஒன்றே ஒன்று செய்யுங்கள். மருந்து சோதனையில் ஒரு குழுவுக்கு மருந்தில்லாத மாத்திரை கொடுப்பார்களே, அது மாதிரி ஒரு போலிப் பேட்ச் கட்டுங்கள். நிஜப் பேட்ச் சண்டை போடுகிற இரண்டு எண்களுக்கு நடுவில் 56 பைட் பேடிங் வைக்கிறது என்றால், போலிப் பேட்ச் அதே 56 பைட்டை அதே ஸ்ட்ரக்டின் கடைசியில் வைக்கட்டும். ஸ்ட்ரக்டின் மொத்த அளவு இரண்டிலும் ஒன்றே, பின்னால் இருப்பவை தள்ளிப்போகிற தூரமும் ஒன்றே, அந்த இரண்டு எண்கள் மட்டும் போலியில் பிரியாமல் பழையபடி ஒரே லைனில் இருக்கும். பஹோலில் அதை ஒரு தடவை உறுதிசெய்துகொண்டு இரண்டையும் ஓட்டுங்கள். நிஜத்தில் 5, போலியில் 0 என்று வந்தால் அந்த அட்டவணையை அப்படியே பேட்ச் குறிப்பில் போடலாம், போலியின் வரிசையையும் சேர்த்து. போலியிலும் 5 வந்தால், அந்தப் பேட்சை எடுத்து வைத்துவிட்டு சி2சியைத் திறந்து, அந்த லைனில் எழுதுவது யார் என்று பாருங்கள்.